சிவந்த எலும்பு

எலும்பு எப்படி வளர்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சாயம். 1736இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர், பருத்தித் துணியில் பூ அச்சிடும் தொழில் செய்த ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார். பரிமாறிய பன்றி இறைச்சியில் தசை அதன் நிறத்தில் இருந்தது, கொழுப்பு அதன் நிறத்தில் இருந்தது, எலும்பு மட்டும் நல்ல சிவப்பு. விசாரித்தபோது வீட்டுக்காரர் காரணம் சொன்னார். சிவப்புச் சாயம் ஏற்றிய துணியைச் சுத்தம்செய்யத் தவிட்டைப் பயன்படுத்துவார்கள். சாயம் குடித்த அந்தத் தவிடு பன்றிகளுக்குத் தீனியாகப் போகும். பெல்ச்சியர் அதைக் கேட்டதோடு விட்டுவிடவில்லை. அந்தச் சாயத்தைத் தரும் வேரைத் தீனியில் கலந்து ஒரு சேவலுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் எலும்பும் சிவந்தது.

இதைப் படித்தபோது என் மனம் பன்றியைத் தாண்டி அந்தத் துணியில் போய் நின்றது. பருத்தியில் வெளுக்காத சிவப்பை அச்சிடும் வித்தையை ஐரோப்பா இந்தியத் துணிகளைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூத்துணிகள் இங்கிலாந்தில் அவ்வளவு விற்றன; உள்ளூர் நெசவாளர் பிழைப்பு கெடுகிறதென்று அந்நாட்டு நாடாளுமன்றம் தடைச் சட்டமே போட்டது. நம் கரையில் அந்தச் சிவப்பைத் தந்தது கடலோர மணலில் தரையோடு கிடக்கும் ஒரு சின்னச் செடி. சாயக்காரர்களுக்கு அது சாயவேர், சித்த மருத்துவர்களுக்கு இம்பூரல். ஐரோப்பியர் பயன்படுத்தியது மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர். இரண்டு வேரிலும் இருக்கும் சிவப்புப் பொருள் ஒன்றே, அலிசரின். அலிசரினுக்குக் கால்சியத்தின்மேல் பிடிப்பு அதிகம். உடம்புக்குள் போனால் கால்சியம் எங்கே புதிதாகப் படிந்துகொண்டிருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே படிந்து முடிந்த இடத்தை அது சீண்டாது. அதனால்தான் அது சாயம் என்ற நிலையிலிருந்து சாட்சி என்ற நிலைக்கு உயர்ந்தது. எலும்பில் இன்று கட்டப்பட்ட பகுதி எது, நேற்றே இருந்தது எது என்று அது பிரித்துச் சொல்லும்.

பிரான்சில் தாவரவியலாளர் துஹமேல் து மொன்சோ இதைக் கையிலெடுத்தார். வளரும் விலங்குகளுக்குச் சில காலம் அந்த ஐரோப்பிய வேர் கலந்த தீனி, சில காலம் வெறும் தீனி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார். எலும்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள். மரத்தின் ஆண்டு வளையங்களை நன்றாக அறிந்த மனிதர் அவர், உடனே புரிந்துகொண்டார்: எலும்பு வெளிப்புறத்தில் அடுக்கடுக்காகப் பருக்கிறது. பிறகு இன்னொன்றும் செய்தார். இளம் விலங்கின் எலும்பைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கம்பியால் வளையம் போட்டுவிட்டார். நாள் கழித்துப் பார்த்தபோது கம்பியை எலும்பு மூடியிருந்தது. இன்னும் நாள் கழிந்தபின் அது எலும்பின் உள்ளே, மஜ்ஜை இருக்கும் குழியில் கிடந்தது.

கம்பி நகரவில்லை. எலும்புதான் அதைக் கடந்துபோயிருந்தது.

இதன் முழுப் பொருளை எடுத்துச் சொன்னவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர். வெளியே ஏற்றிக்கொண்டே போனால் எலும்பு கனத்துப் பாறையாகிவிடும். உள்ளே கரைத்துக்கொண்டும் வந்தால்தான் வடிவம் நிற்கும். வளர்ச்சியில் பாதி அழிப்பு என்பது அவர் கண்ட உண்மை. நீளத்துக்கு வேறு சான்று முன்பே இருந்தது. 1727இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார், வளரும் கோழியின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளி விட்டு இரண்டு துளையிட்டார். இரண்டு மாதத்தில் எலும்பு நீண்டுவிட்டது, துளைகள் அதே அரை அங்குலத்தில் நின்றன. நீளம் நுனிகளில்தான் நடக்கிறது. ஹண்டர் பன்றியின் காலில் ஈயக் குண்டுகளைப் பதித்து அதையே உறுதிசெய்தார். செல் என்ற ஒன்று உடம்பின் அடிப்படை என்று யாரும் சொல்வதற்கு முன்னால், கம்பியும் துளையும் சாயமும் கொண்டு இவர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

நாம் எலும்பை அநேகமாகச் செத்த நிலையில்தான் பார்க்கிறோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பியில் தொங்கும் எலும்புக்கூடு, சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியது, சுடுகாட்டில் இரண்டாம் நாள் பால் தெளித்துப் பொறுக்குவது. அப்படிப் பொறுக்கியவர்களுக்குத் தெரியும், வெளுத்து எடையற்றுக் கிடக்கும் அந்தத் துண்டு விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். என் தந்தையின் எலும்பைப் பானையில் இட்ட காலையில் அது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. எழுபது வயதுவரை அவரைத் தாங்கியது இதுதானா என்று தோன்றிற்று. அதுதான், ஆனால் பாதி. எலும்பு இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று கொலாஜன் என்ற புரத நார். மற்றது அதன்மேல் படியும் கால்சியம் பாஸ்பேட் படிகம். தீ நாரை எரித்துவிட்டுப் படிகத்தை விட்டுவைக்கிறது, அதனால் பொடிகிறது. கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால் நேர்மாறாக நடக்கும். படிகம் கரைந்து நார் மட்டும் மிஞ்சும், எலும்பைக் கயிறாக வளைக்கலாம். படிகம் நசுக்குவதைத் தாங்கும், நார் இழுப்பதைத் தாங்கும். உயிரோடிருக்கும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால்தான் ஓடவும் குதிக்கவும் விழுந்து எழவும் முடிகிறது.

செத்த எலும்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உயிருள்ள எலும்பின் வேலை நம்ப முடியாததாக இருக்கும். அதில் ரத்தம் ஓடுகிறது. நம் ரத்தச் சிவப்பணுக்களே அதன் மஜ்ஜையில்தான் பிறக்கின்றன, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் கோடி. கெட்டியான புற எலும்புக்குள் நுண்ணிய குழாய்கள் நீளவாக்கில் செல்கின்றன. 1691இல் அவற்றை விவரித்த கிளாப்டன் ஹேவர்ஸின் பெயராலேயே அவை இன்னும் அழைக்கப்படுகின்றன. எந்த நேரத்திலும் நம் எலும்புக்கூட்டின் லட்சக்கணக்கான இடங்களில் இடிப்பும் கட்டலும் நடந்துகொண்டிருக்கின்றன. ஏரிக்கு ஊர்கூடிச் செய்யும் குடிமராமத்தைத்தான் இதற்கு ஈடாகச் சொல்வேன். கரை உடைந்தபின் வருவதல்ல குடிமராமத்து. எங்கே மண் தளர்ந்தது, எங்கே எலி வளை தோண்டியது என்று பார்த்து, தளர்ந்த மண்ணை வெட்டியெடுத்துப் புதுமண் போட்டு மிதிப்பது. எலும்பில் வெட்டியெடுக்கும் வேலையைச் செய்பவை ரத்த அணுக்களின் வழியில் வந்த பெரிய செல்கள். பல உட்கருக்கள் கொண்டவை. எலும்பின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரந்து குழி பறிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அவை நகர்ந்துபோனபின், கட்டும் செல்கள் வரிசையாக வந்து குழியை நிரப்பும். அவற்றின் வேலை மெதுவானது, மூன்று நான்கு மாதம் ஆகும். பறிப்பது வாரங்களில், நிரப்புவது மாதங்களில் என்ற இந்த ஏற்றத்தாழ்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பறிப்பு கொஞ்சம் வேகமெடுத்தாலும் நிரப்பு பின்தங்கிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வது இந்த வழியில்தான். பறிக்கும் செல்களை அடக்கி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துபோகிறது.

நடுவயதில் ஓராண்டில் எலும்புக்கூட்டின் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதிதாகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் என்னைத் தாங்கிய எலும்பில் பெரும்பகுதி இன்று என்னிடம் இல்லை.

கரையில் எங்கே தளர்ச்சி என்று பார்ப்பது யார்? கட்டும் செல்களில் சில, தாங்கள் கட்டியதற்குள்ளேயே மூடப்பட்டுவிடுகின்றன. நம் எலும்பில் உள்ள செல்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படிக் கல்லுக்குள் அமர்ந்தவைதான், பல பத்தாண்டுகள் உயிரோடிருப்பவை. நுண்கால்வாய்கள் வழியே மெல்லிய கிளைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவில் நுண்கால்வாய்களுக்குள் இருக்கும் நீர் நகர்கிறது. அந்த நகர்வை இந்தச் செல்கள் உணர்கின்றன. நீர் நன்றாக நகர்ந்தால் ‘இங்கே சுமை இருக்கிறது, கட்டு’ என்று செய்தி போகும். நகராமல் நின்றால் கட்டுவதைத் தடுக்கும் ஒரு புரதத்தைச் சுரக்கும். எலும்பைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் அசைத்தது இதுதான். உடம்பின் மிகக் கடினமான பொருள்களில் ஒன்று, நாம் நடக்கும் ஒவ்வொரு அடியையும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்ற எண்ணம் பிறந்த இடம் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரம். 1860களில் அங்கே உடற்கூற்றியலாளர் ஹெர்மன் ஃபொன் மேயர், தொடையெலும்பின் தலைப்பகுதியை நெடுக்கே அறுத்து, உள்ளே பஞ்சுபோல் இருக்கும் எலும்பின் இழைகள் தாறுமாறாக இல்லாமல் வளைவுகளாக ஓடுவதைப் படமாக வரைந்தார். பாலங்களும் பாரந்தூக்கிகளும் வடிவமைக்கும் பேராசிரியர் கார்ல் குல்மன் அதைப் பார்த்தார். சுமை ஏறிய வளைந்த பாரந்தூக்கி ஒன்றில் விசைகள் எந்தத் தடத்தில் பாயும் என்று தான் வரைந்த கோடுகளே அங்கே எலும்பில் இருந்தன. பெர்லினில் யூலியுஸ் வோல்ஃப் இதை ஒரு விதியாகவே எழுதி 1892இல் நூலாக்கினார். வோல்ஃப் போட்ட கணக்கு அப்படியே நிற்கவில்லை. எலும்பு ஒரே சீரான திடப்பொருள் என்று எண்ணிப் போட்ட கணக்கு அது. நின்றது அடிப்படை எண்ணம். டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையெலும்பு மற்றதைவிடப் பருத்திருக்கிறது. விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கிறது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் இழப்பு உண்டு. வயதானவர்களை ‘நீங்கள் ஒரு வேலையும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருங்கள்’ என்று அன்போடு சொல்லும் வீடுகளை எனக்குத் தெரியும். அந்த அன்பு அவர்கள் எலும்புக்கு நல்லதல்ல. வாசல்வரை, தெருமுனைவரை, கோயில்வரை அவர்கள் நடக்கட்டும்.

உடைந்தாலும் எலும்பு தன் வேலையை அறியும். உடைந்த இடத்தில் ரத்தம் உறையும், அதைக் குருத்தெலும்பு நிறைக்கும், அது எலும்பாக மாறும், பிறகு பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள், செதுக்கிச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும். தோல் வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்பு எலும்பாகவே கூடிவிடும். தமிழ்நாட்டின் எந்த ஊர்ச் சாலையிலும் புத்தூர் கட்டு என்ற பலகையைப் பார்க்கலாம். ஆந்திரத்தில் திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள புத்தூரின் பெயரைத் தாங்கியவை அவை. முட்டையின் வெள்ளைக்கரு, உளுந்தமாவு, மூங்கில் பத்தை, துணி என்று கட்டுக்காரர்கள் பயன்படுத்தும் பொருள்கள் எளியவை. அவர்களில் தேர்ந்தவர்களின் விரல்கள் தோலுக்கு மேலிருந்தே முறிவைக் கண்டுபிடிப்பதைக் கண்டவர்கள் அந்தத் திறமையை எள்ளி ஒதுக்க மாட்டார்கள். ஆனாலும் ஒட்டவைப்பது உளுந்துமல்ல, மருத்துவமனையின் மாவுக்கட்டுமல்ல. இரண்டும் துண்டுகளை நேர்ப்படுத்தி அசையாமல் பிடித்துவைக்கின்றன. கூடிக்கொள்வது எலும்பின் காரியம். அதனால்தான் எளிய முறிவு எந்தக் கட்டிலும் கூடும். துண்டு விலகிய முறிவு, தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு, குழந்தைகளின் மூட்டருகே வரும் முறிவு ஆகியவை வேறு. இறுக்கிக் கட்டிய கட்டில் விரல் நீலம்பாரித்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. எலும்பு கூடப் பிரண்டை உதவுமா என்று கேட்பார்கள். எலிகளில் செய்த ஆய்வுகளில் அதற்கு ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. துவையலாகச் சாப்பிடுவதில் தவறில்லை.

மூட்டருகே முறிவு ஏன் வேறு என்றால், குழந்தைகள் நீள்வது அங்கேதான். நீண்ட எலும்புகளின் நுனியருகே குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு இருக்கிறது. அதன் ஒருபுறத்தில் செல்கள் பெருகி வரிசையாக அடுக்கி வளர்கின்றன, மறுபுறத்தில் அவை மடிந்து அந்த இடத்தில் எலும்பு ஏறுகிறது. ஹேல்ஸின் துளைகள் விலகாமல் நின்ற மர்மம் இவ்வளவுதான். குழந்தை பிறக்கும்போது எலும்புத் துண்டுகள் பெரியவர்களின் 206ஐவிட மிக அதிகம், 300ஐ ஒட்டி வரும். பாட்டிகள் எண்ணெய் வைத்து அழுத்தாமல் தடவும் உச்சிக்குழி, மண்டையோட்டுத் துண்டுகள் இன்னும் கூடாத இடம். துண்டுகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கூடித்தான் எண்ணிக்கை குறைகிறது. காறை எலும்பு கருவில் ஐந்தாறு வாரத்திலேயே எலும்பாகத் தொடங்கிவிடும். முதலில் தொடங்கிய அதுவேதான் கடைசியிலும் முடிக்கிறது. நெஞ்சுப் பக்கத்து நுனி கூடி முடிய இருபத்தைந்து வயதைத் தாண்டிவிடும்.

தட்டு மூடிக்கொண்டால் உயரம் நின்றுவிடும். அதை மூடச் சொல்லும் ஹார்மோன் ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் என்பது 1994இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பால் தெளிவாயிற்று. அமெரிக்காவில் 28 வயது ஆண் ஒருவர், 204 சென்டிமீட்டர் உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஈஸ்ட்ரோஜன் அவர் உடம்பில் இருந்தது, அதை ஏற்கும் வாங்கி பழுதாக இருந்தது. தட்டுகள் மூடவில்லை, எலும்பின் அடர்த்தியும் குறைவு. ஆணுக்கு ஒரு ரசம், பெண்ணுக்கு ஒரு ரசம் என்று பிரித்து வைத்திருந்த எண்ணத்தை எலும்பு மதிக்கவில்லை.

இந்தத் தட்டுகளின் மூடுதலை நம் நாட்டு நீதிமன்றங்கள் படிக்கின்றன. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவு, ஒருவர் பதினெட்டைத் தாண்டியவரா என்ற ஐயம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றைப் பார் என்கிறது, இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதவருக்குத்தான் எலும்புச் சோதனை. பள்ளியும் பிறப்புப் பதிவும் எட்டாத குடும்பத்துப் பிள்ளைகளின் வயதை எக்ஸ்ரே சொல்ல வேண்டியிருக்கிறது. எலும்பால் அதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே காட்டும் வயதில் இருபுறமும் இரண்டு ஆண்டு தவறலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982இல் சொல்லிவிட்டது. பதினெட்டின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டு சீர்திருத்த இல்லத்துக்கும் சிறைக்கும் நடுவிலுள்ள தூரம். இன்னொரு சங்கடமும் உண்டு. கை, மணிக்கட்டு எலும்புகளின் முதிர்ச்சியைப் பார்க்க உலகெங்கும் மருத்துவர்கள் அதிகம் புரட்டும் கிரூலிச் - பைல் படத்தொகுதி, 1930களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வசதியான வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளை வைத்துத் தயாரானது. உணவு குறைந்தால் முதிர்ச்சி தாமதமாகும். நோயிலும் பசியிலும் வளர்ச்சி நின்று மீண்டும் தொடங்கும்போது எலும்பில் குறுக்குக் கோடே விழுவதுண்டு. எல்லாக் கோடும் பசியால் வந்ததல்ல என்றாலும். எலும்பு அந்தப் பிள்ளை வாழ்ந்ததைச் சொல்கிறது. நீதிமன்றம் கேட்பது பிறந்த நாளை.

நம் கோயில்களில் பிருங்கி முனிவரின் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கால், ஒட்டிய வயிறு, துருத்திய விலா எலும்பு. சிவனை மட்டுமே வலம்வருவேன், அம்பிகையை வணங்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தாயின் பங்கான சதையையும் ரத்தத்தையும் அம்பிகை எடுத்துக்கொண்டாள். மிஞ்சியது எலும்பு. நிற்க முடியாதவருக்கு இறைவன் மூன்றாம் காலைத் தந்தான். சிற்பிகள் அந்த மெலிந்த உடலைச் செதுக்கிய நுட்பத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. ஆனால் கதைக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: எலும்பு தந்தை தருவது. அந்தக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். பிறக்கும் குழந்தையின் எலும்பில் இருக்கும் கால்சியம் ஏறத்தாழ 30 கிராம், அத்தனையும் தாயின் ரத்தம் வழியே போனது. பிறந்த பிறகும் பாலில் நாள்தோறும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் போகிறது. சாப்பாட்டிலிருந்து வருவது போதாது என்று தாயின் உடம்பு தன் எலும்பையே கரைக்கிறது. பாலூட்டும் மாதங்களில் தாயின் முதுகெலும்பு நூற்றுக்கு மூன்று முதல் பத்துப் பங்கு வரை அடர்த்தி குறையும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஓராண்டில் ஆகும் இழப்பைவிட இது வேகமானது. பால் மறக்கடித்தபின் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மீண்டு நிறைந்துவிடும். எலும்பு இவ்வளவு இழந்து இவ்வளவு மீள்வது வாழ்வில் வேறெப்போதும் நடப்பதில்லை. பெற்றவளின் எலும்பு குழந்தையின் எலும்பாகிறது என்பது உருவகமல்ல, ரசாயனம். பிருங்கியிடம் அம்பிகை எலும்பையும் கேட்டிருக்கலாம்.

அந்த மீட்சிக்குச் சாப்பாடு வேண்டும். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பெண்ணின் எலும்பில் அது எப்படி நடக்கும்? பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஒரு பெண் சேர்த்துக்கொள்ளும் எலும்புதான் அறுபதில் அவளைத் தாங்கும். அந்த வயதில்தான் பல வீடுகளில் அவளை ஓடாதே, குதிக்காதே, வெயிலில் நிற்காதே என்கிறார்கள். சுமை எலும்புக்குச் செய்தி, வெயில் தோலில் வைட்டமின் டி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தடுத்துவிடுகிறோம்.

கவனித்துக்கொண்டிருக்கும் எலும்புக்கு நல்லது கெட்டது தெரியாது. வந்ததை ஏற்கும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்திலிருந்து ஷார்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு நோயை விவரித்தார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முதுகு நடுவயதில் இறுகி, கழுத்து திரும்பாமல், மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிட்டன. காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு. பாறையிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் சேர்வது அது. எலும்பின் படிகத்தில் ஒரு சிறு இடத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டும். அங்கே ஃப்ளோரைடு கச்சிதமாகப் பொருந்திவிடும். பொருந்தினால் எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும், ஆனால் எளிதில் முறியும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களிலும் சுண்ணம் ஏறி முதுகுத்தண்டே ஒற்றைக் கம்பாகிவிடும்.

தமிழ்நாட்டில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இதைச் சுமக்கின்றன. பென்னாகரம் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களில், கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்பிப் பார்க்கும் பெரியவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் களி தின்று வளர்ந்தவர்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் இருப்பது அதற்குப் பக்கத்தில்கூட வராது. தானியம் எலும்புக்குக் கொடுத்ததைத் தண்ணீர் கெடுத்தது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பதையும் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தருவதும் தொடங்கியது. இரண்டும் எலும்பைப் பற்றிய அரசு முடிவுகள் என்றே நான் எண்ணுகிறேன்.

எலும்பில் ஏறிய ஃப்ளோரைடு, பறிப்பும் நிரப்பும் நடக்க நடக்க ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறும். இறுகிய முதுகு இளகாது. ஆகவே வளரும் பிள்ளைகளின் தண்ணீர்தான் முக்கியம். குழாயில் நீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்றுக்கே ஊர் திரும்புகிறது. இந்தியத் தரநிலை லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்கிறது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை. ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றின் அளவையும் அந்தக் கிணற்றடியிலேயே, படிக்கும் உயரத்தில் பெயிண்டில் எழுதி வைக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை அளந்து மாற்றி எழுத வேண்டும். தருமபுரி மாவட்டப் பள்ளி ஆசிரியர்களும் ஒன்று செய்யலாம். ஏழெட்டு வயதில் புதிதாக முளைக்கும் முன்பற்களில் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளோ பழுப்புத் திட்டுகளோ இருக்கின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால், எலும்பு இறுகுவதற்கு இருபது முப்பது ஆண்டு முன்னதாகவே அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிய தகவல் கிடைத்துவிட்டது.